படுதாவுக்குப் பின்னால் ஒரு சுவர்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். அன்றைக்கு அது வந்தது மெக்கானிக் பாய் மேல். அரக்கோணம் சாலையை அகலப்படுத்தும் வரைபடத்தில் அவர் கடைச் சுவர் மூன்றடி வெளியே நின்றது. இடிக்க வேண்டியது என்று சிவப்புக் கோடு போட்டவள் நான். திருத்தணியில் ஒரு சர்வே அலுவலகத்தில் எனக்கு வேலை. லேசர் கருவி தெருவை லட்சக்கணக்கான புள்ளிகளாக அளந்து தரும். அவற்றைத் திரையில் பார்த்து நான் வரைய வேண்டும். கடைக்காரர்களுக்கு நகலைக் காட்டியாகிவிட்டது. மாலையில் நெடுஞ்சாலைத் துறைக்கு அனுப்ப வேண்டும். அதற்குள் பாய் அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

"எங்க சுவரு எப்பம்மா ரோட்டுக்கு வந்துச்சி? தினம் உள்ளதான குந்திகினு இருக்கேன்?"

"மெஷின் பொய் சொல்லாது பாய்," என்றேன் வெடுக்கென்று.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். சரி, கண்ணாலேயே பார்க்கட்டும், சுவருக்குப் பின்னால் வேறு சுவர் இல்லை என்று காட்டி வாயை அடைத்துவிடலாம் என்று, புள்ளிகள் ஊடுருவித் தெரியும்படி மாற்றினேன். முதலில் அளவு மீறிப்போய் எல்லாமே நீர்மோராக வெளிறிவிட்டது. கொஞ்சம் குறைத்தேன். புள்ளிகளைச் சின்னதாக்கினேன். மறுபடியும் குறைத்தேன்.

முன்னால் இருந்தது மங்க, மூன்றடி உள்ளே வாசலோடு இன்னொரு சுவர் எழுந்தது. ஓரத்து இடைவெளி வழியே லேசர் அங்கேயும் போயிருக்கிறது. முன்னால் நான் சுவரென்று வரைந்தது தரையையே தொடவில்லை.

"ஐய, அது படுதாம்மா! மூணு மணிக்கு மேல வெயிலு மூஞ்சில அடிக்குது, எறக்கிவுட்டுடுவேன்."

அளந்தது மாலை நான்கு மணிக்கு. எனக்கு முகமெல்லாம் எரிந்தது. ஒரு துணியை நம்பி ஒரு மனுஷனின் பிழைப்பில் கோடு கிழித்திருக்கிறேன்! மன்னிப்புக் கேட்டுவிட்டு, அவர் கண்முன்னாலேயே கோட்டை அழித்தேன்.

வாசல்வரை போனவர் திரும்பினார். "பக்கத்துல டீக்கடை, அப்பால தையக்கடை, எல்லாம் மேக்கு பாத்த கடதாம்மா. எல்லார்கிட்டயும் படுதா கீது."

"அவங்க யாரும் வந்து கேக்கலியே பாய்?"

"கம்ப்யூட்டர்ல வந்துச்சின்னா சரியாதான் இருக்கும்னு சொல்லிகினு, சாமானை மூட்ட கட்டிகினு கீறாங்க."

எழுந்து முதலாளி அறைக்குப் போனேன். "இன்னிக்கு அனுப்ப முடியாது சார். அந்த வரிசை முழுக்க மறுபடியும் பாக்கணும். தப்பு என்னுது."

"ஒருத்தர்தானே வந்தாரு? மத்தவங்க யாரும் கேக்கலல்ல?"

"அதனாலதான் சார்," என்று சொல்லிவிட்டு வந்து, டீக்கடையைத் திரையில் திறந்தேன்.