கடைத்தெருவில் அண்ணன் ஓட்டிய சைக்கிள்

அண்ணன் எங்களை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு நிறைகிறது. திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னார்கள். நல்லது எழுதப் பஞ்சமில்லை. அதை மட்டும் எழுதிவிட்டு எழுந்திருக்கத்தான் எனக்கு மனம் வரவில்லை.

அண்ணன் பிறந்தது குடியாத்தத்தில், நெசவுக் குடும்பத்தில். அப்பா விஷக்காய்ச்சலில் போனபின் அம்மா எங்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு ஆம்பூருக்கு வந்தார். தோல் பதனிடும் ஷாப்பில் அண்ணனுக்கு வேலை கிடைத்தது. அவருடைய உழைப்பில்தான் நான் படித்து, இன்று பெண்கள் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். வேலை முடிந்து வந்து எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் தோல் வாடை அவரை விட்டுப் போகாது. “மூக்கப் பொத்திக்கினாவது பாடத்தப் படி” என்று என்னைக் கேலி செய்வார்.

ஒரு மழைக்காலத்தில், அடுக்கி வைத்திருந்த ஈரத் தோல்கள் சரிந்து அவர் இடுப்பின்மேல் விழுந்தன. வைத்தியர் கட்டுப் போட்டார். எலும்பு கோணலாகச் சேர்ந்து, ஒரு கால் சரியாக ஊன்ற வராமல் போனது. அதற்குப் பிறகு ஊன்றுகோலோடு வீட்டுக்குள் நாலடி நடப்பதற்குள் அவர் முகம் வெளுத்துவிடும். இருபத்தைந்து வயதுகூட ஆகாத மனிதர். அம்மா அவருக்குத் தெரியாமல் அடுப்படியில் உட்கார்ந்து அழுவார்.

அவருடன் வேலை செய்த பாய் ஒருவர்தான் ஒரு நாள் பழைய சைக்கிளோடு வந்து நின்றார். “நடக்கத்தான வராது, உக்கார வருதில்ல? ஏறு தோஸ்த்” என்றார். மிதியில் ஒரு தோல் வாரைத் தைத்து, நல்ல காலை அதில் நுழைத்து ஒற்றைக் காலாலேயே மிதிக்கும்படி செய்து கொடுத்தார். மற்றக் கால் அதுபாட்டுக்குத் தொங்கிக்கொண்டு வரும். உடம்பின் பாரமெல்லாம் சீட்டில் இருந்ததால் வலி கம்மி. பத்துப் பதினைந்து முறை விழுந்து எழுந்து அண்ணன் கற்றுக்கொண்டார். உட்கார்ந்தபடி தோலைத் தரம் பிரிக்கும் வேலைக்கு ஷாப்பிலும் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள்.

ஷாப்புக்குப் போகக் கடைத்தெருவைத் தாண்ட வேண்டும். அங்கே பகலில் நடந்துதான் போகலாம். சைக்கிளில் வருகிறவர் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்பது பஞ்சாயத்து விதி. முதல் நாள் நானும் அண்ணனோடு போனேன். தெருமுனையில் காவல்காரர் மறித்தார்.

“எறங்குய்யா. எறங்கித் தள்ளு.”

“தள்ளணும்னா நடக்கணுமே, அண்ணே. எனக்கு நடக்க வராது.”

“இன்னா கதை வுடற? சைக்கிள் வுடறவனுக்கு நடக்க வராதா? யார் காதுல பூ சுத்தற?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அண்ணன் இறங்கினார். சைக்கிளின் மேல் சாய்ந்தபடி எண்ணெய்க்கடை வரை போனவர் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் அந்தக் காவல்காரரை என்னென்ன பேசினேனோ, தெரியாது.

அன்றே பஞ்சாயத்துக்கு மனு எழுதினேன். அண்ணனைக் கூப்பிட்டார்கள். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் நடந்து காட்டு என்றார்கள். பெரிய மனிதர்கள்! அண்ணன் ஊன்றுகோலைக் கீழே வைத்துவிட்டு நடந்தார். ஏழாவது அடியில் விழுந்தார். அதன்பிறகுதான், நடப்பவர் வேகத்தில் மணியடித்து ஓட்டிப் போகலாம் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள்.

சைக்கிளை அவ்வளவு மெதுவாக ஓட்டுவதுதான் கஷ்டம், அதுவும் ஒற்றைக் காலில். அண்ணன் ஓட்டினார். இத்தனை வருஷத்தில் ஒருவர் முந்தானையில்கூட அவருடைய சக்கரம் பட்டதில்லை. அந்தக் காவல்காரரே, “ஓரம் போம்மா, நம்ம ஆளு வர்றாரு” என்று வழி விலக்கிவிடுவார்.

பிறகு அம்மா இறந்தார். அண்ணன் ஒரே மகன். தீச்சட்டியோடு பாடைக்கு முன்னால் போக வேண்டியவர். “சட்டிய உறியில வெச்சி ஹேண்டில்ல மாட்டிக்கிறேன். மெதுவா ஓட்டிக்கினு வர்றேன்” என்றார். உறவினர்கள் முணுமுணுத்தார்கள். பஞ்சாயத்தோடு மல்லுக்கு நின்றவள் நான். அந்த நான்தான் சொன்னேன்:

“சாவுக்கு சைக்கிள்லயாண்ணா போவாங்க? ஊரே சிரிக்கும். இன்னிக்கி ஒரு நாள் வேணாண்ணா.”

“அது எனக்குக் காலும்மா. காலக் கழட்டி வெச்சிட்டு எப்படி வர்றது?”

நான் சைக்கிளைச் சுவரோரம் தள்ளி வைத்தேன். அண்ணன் அதைப் பார்த்தார். “சரிம்மா” என்றார். பெரியப்பா மகன் சட்டியை எடுத்துக்கொண்டார். பெற்ற மகன் பெண்களோடு வாசலில் நின்று, பறைச் சத்தம் தேய்ந்து போகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

காரியம் முடிந்து பள்ளிக்குப் போகும்போது கடைத்தெருவில் காவல்காரர் என்னை நிறுத்தினார். “இன்னாம்மா, அம்மா சாவுக்கு உங்க அண்ணன் ஏன் வர்ல? சைக்கிள் வரும்னு ரெண்டு பக்கமும் கூட்டத்த ஒதுக்கி வெச்சிருந்தேன். கடைக்காரங்கல்லாம் எந்திரிச்சி நின்னாங்க” என்றார். பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

சென்ற ஆண்டு அண்ணனின் இடுப்பில் சீழ் வைத்தது. ஆறு வாரம் படுக்கையில் கிடந்தார். அந்த நாட்களில் தினமும் வந்து அவரைத் தூக்கி உட்கார வைத்த பாய்க்கும், மருந்து வாங்கி வந்த ஷாப்புத் தோழர்களுக்கும், பால் கொடுத்த பக்கத்து வீட்டாருக்கும், அண்ணனின் இறுதி ஊர்வலத்துக்குக் கடைத்தெருவை ஒதுக்கிக் கொடுத்த காவல்காரருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

நான் கடமைப்பட்டது வேறு. இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு, கஞ்சி எடுத்துக்கொண்டு போனேன். அண்ணன் கேட்டார்: “அம்மா போறப்ப கடைக்காரங்கல்லாம் எந்திரிச்சி நின்னாங்களாமே?”

“ஆமாண்ணா” என்றேன்.

மேற்கொண்டு நான் ஏதோ சொல்வேன் என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மன்னித்துவிடு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“கஞ்சி ஆறுது, குடிண்ணா” என்றேன்.