தென் கரோலினாவுக்காக நான் முழங்கிய கதை

எண்பதுகளில் அமெரிக்காவில், ஃப்ரீமான்ட் நகரத்துக் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தபோது எனக்குத் தெரியாத விஷயமே கிடையாது. அங்கிருந்து பெரிய பல்கலைக்கழகத்துக்கு மாறி என்ஜினீயரிங் படிப்பதாகத் திட்டம். அதற்கு அமெரிக்க வரலாற்றில் தேறியாக வேண்டும். வகுப்பில் எழுந்து ஒருமுறை பேசுவதற்கே பாதி மார்க். கோட்டைவிட்டால் விசாவும் சந்தேகம்தான்.

புத்தகத்தில் நாலு பக்கம் புரட்டியதுமே துள்ளினேன். நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய அமெரிக்கா. வடக்கே ஆலைகள். அவற்றைக் காப்பாற்ற வெளிநாட்டுச் சரக்குக்கு மத்திய அரசு வரி போடுகிறது. விலையேற்றத்தில் தவிப்பது தெற்கு. ‘உங்கள் சட்டம் எங்கள் எல்லைக்குள் செல்லாது’ என்கிறது தென் கரோலினா.

அறைத்தோழன் மதுரைக்காரன். அவனைப் பிடித்து உலுக்கினேன்.

“மச்சி, அப்படியே நம்ம கதைடா! டெல்லி, மெட்ராஸ், மாநில சுயாட்சி!”

“சாப்டரை முழுசா முடிச்சியா?”

“இதுக்கு மேல என்னடா இருக்கு?”

“சரி, போய் முழங்கு. உன்னை யாரு கன்ட்ரோல் பண்றது?”

முழங்கினேன். இல்லாத மைக்கைச் சரிசெய்தேன். கைதட்டலுக்கு இடைவெளி விட்டேன். ஒருவரும் தட்டவில்லை. வியப்பில் உறைந்துவிட்டார்கள் போலும் என்று மேலும் குரலை உயர்த்தினேன்.

முடித்ததும் முன்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. கார் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே படிக்க வந்த கறுப்பினப் பெண்மணி. என் அம்மா வயதிருக்கும்.

“அந்த மாநிலத்துல பாதிக்கு மேல அடிமைங்க. உன் பேச்சுல அவங்க உரிமை எங்கப்பா வருது?” என்று ஆங்கிலத்தில் அமைதியாகக் கேட்டார்.

“அது அடுத்த சாப்டர். இன்னும் படிக்கலை” என்றேன், அரிச்சந்திரனைப் போல.

வகுப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

“எங்க கொள்ளுத்தாத்தாவுக்கு அந்த சாப்டர்தான் முதல்ல வந்துது.”

இந்தப் பேச்சுக்கு மார்க் போட்டால் நீ ஃபெயில், அடுத்த வாரம் மறுபடி பேசு என்றார் ஆசிரியர்.

அந்த வாரம்தான் ஒழுங்காகப் படித்தேன். இன்று வரியில் கை வைக்கிற மத்திய அரசு நாளை அடிமைகள் விஷயத்திலும் கை வைத்துவிடுமே என்பதுதான் தென் கரோலினாவின் பண்ணைச் சீமான்களுடைய அடிவயிற்றுப் பயம். நான் தொண்டை கிழியக் கத்திய சுயாட்சிக்குள் மனிதனை விற்கிற உரிமையும் பத்திரமாக இருந்திருக்கிறது.

இரண்டாவது பேச்சு நாலே நிமிடம். போன வாரம் நான் சொன்னது தப்பு என்று அந்தப் பெண்மணியைப் பார்த்தே ஆரம்பித்தேன். மட்டுமட்டாகத் தேறினேன்.

வீட்டுக்கு எழுதிய கடிதத்தில், ‘வகுப்பில் என்னை மட்டும் இரண்டு முறை பேச அழைத்தார்கள்’ என்று எழுதினேன்.