கம்பி அக்கா

அந்த மழைக்காட்டை உலகப் பாரம்பரியச் சொத்தாக அறிவித்தபின், அதிலிருந்து ஒரு சுள்ளிகூட வெளியே போகக் கூடாது என்றானது. வெளியே போகும் ஒரே சாலையில் சோதனைச் சாவடி. அங்கே பதினோரு வருடம் காவல் பார்த்தவளை லாரிக்காரர்கள் ‘கம்பி அக்கா’ என்பார்கள். எந்தச் சுமையானாலும் ஆள் உயர இரும்புக் கம்பியைச் செருகிப் பார்த்துவிட்டுத்தான் தடுப்புக் கட்டையைத் தூக்குவாள். கல்யாண வண்டி வந்தால் மாப்பிள்ளையையும் குத்திப் பார்ப்பாள் என்று கேலி பேசுவார்கள்.

ஒரு மத்தியானம் உமி ஏற்றிய லாரி வந்தது. ஓட்டி வந்தவன் அவளுடைய தம்பி. அப்பா போனபின் அவள்தான் அவனை ஆளாக்கினாள். பக்கத்தில் முன்பின் தெரியாத ஒரு தடியன்.

“வெறும் உமிதான்க்கா. கட்டையத் தூக்கு” என்றான் தம்பி.

செருகிய கம்பி ஒரு முழ ஆழத்தில் முட்டி நின்றது. வேறு இடத்தில் குத்தினாள். அங்கேயும் மரம். கட்டைக்கு அப்பால் ஆணிப் பலகையை இழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பினாள்.

அதற்குள் தடியன் இறங்கிவிட்டான். அவள் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து முகத்தை லாரிப் பலகையில் மோதினான். மூக்கு உடைந்து ரத்தம் வாய்க்குள் இறங்கியது. கீழே தள்ளி விலாவில் மிதித்தான். கையில் கிடைத்த கம்பியை அவன் தொடையில் ஏற்றினாள். அலறிக்கொண்டு விழுந்தான்.

தம்பி ஓடிவந்தான். தன்னைத் தூக்கத்தான் வருகிறான் என்று கையை நீட்டினாள். நீட்டிய கையிலேயே வீல் ஸ்பேனரால் அடித்தான். எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. மறுபடியும் அடித்தான்.

பிறகு தடியனை ஏற்றிக்கொண்டு, தடுப்பை உடைத்துப் பாய்ந்தான். ஆணியில் டயர்கள் வெடித்து லாரி பள்ளத்தில் கவிழ்ந்தது. உமிக்குள் ஒளித்திருந்த மரங்கள் முன்னால் சரிந்து கேபினை நசுக்கின. தடியன் அங்கேயே செத்தான். தம்பியின் கால் ஸ்டியரிங்குக்குக் கீழே மாட்டிக்கொண்டது. டீசல் ஒழுகியது. அவள் தள்ளாடிப் போய், இடது கையை உள்ளே விட்டு இன்ஜினை அணைத்தாள்.

“அக்கா, வண்டி மோதித்தான் கை ஒடிஞ்சுதுன்னு சொல்லிடு.”

“மொதல்ல கால அசைக்காத.”

கோர்ட்டில் நடந்ததை நடந்தபடியே சொன்னாள். தம்பிக்கு ஏழு வருடம். “என் வயித்துல நெருப்ப அள்ளிக் கொட்டிட்டியேடி” என்றாள் அம்மா. அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

வலது கை முழுதாக நீளவில்லை. இருந்தும் அதே சாவடிக்கே வேலைக்குத் திரும்பினாள். மாதம் ஒருமுறை சிறைக்குப் போனாள். மூன்று முறை தம்பி பார்க்க வரவில்லை. நாலாவது முறை ஊன்றுகோலோடு வந்தான். அவள் கையைப் பார்த்தான். தேம்பித் தேம்பி அழுதான். போதும் என்று அவள் சொல்லவில்லை. அழட்டும் என்று விட்டுவிட்டாள்.