அமுக்கிப் பிடித்தால் பேச்சு வரும் என்றார்கள்

கீழ்வீட்டிலிருந்து வந்த அலறலைக் கேட்டு, செருப்புகூடப் போடாமல் படியிறங்கி ஓடினேன். கதவு சாத்தியிருக்கவில்லை. கூடத்துத் தரையில் அந்த வீட்டுத் தம்பதியின் ஐந்து வயது மகள் மல்லாந்து கிடந்தாள். அப்பா அவள் கால்கள்மேல் உட்கார்ந்திருந்தார். அம்மா தோள்களை அமுக்கிக்கொண்டிருந்தாள். அம்மாவின் கையில் பல் பதிந்து ரத்தம் வழிந்தது. குழந்தையின் உதடு நீலம் பாரித்துவிட்டது.

அந்த அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்துத் தள்ளினேன். சுவரில் போய் மோதினார்.

"மேடம், இது சிகிச்சை!" என்று கத்தினார். "திமிர்றத நிறுத்துற வரைக்கும் பிடிக்கணும். அப்பதான் பேச்சு வரும். ஆராய்ச்சிக் கட்டுரையே வந்திருக்கு."

திருநெல்வேலியிலிருந்து ஐயப்பன்தாங்கலுக்கு வந்த ஐடி தம்பதி அவர்கள். மகளுக்கு இன்னும் பேச்சு வரவில்லை. மாங்காட்டில் ஒரு பயிற்சி மையம் இதைக் கற்றுக்கொடுத்திருந்தது.

நான் கல்லூரியில் உளவியல் நடத்துகிறவள். அன்றே அந்தக் கட்டுரையைப் படித்தேன். எழுதியவர் மைய உரிமையாளரேதான். தன்னிடம் வந்த பிள்ளைகளைத் தானே சோதித்து, தேறிவிட்டதாகத் தானே முடிவும் சொல்லியிருந்தார். ஒப்பிட்டுப் பார்க்க வேறு பிள்ளைகள் யாருமில்லை. மூச்சுத் திணறுமே என்ற பேச்சே இல்லை.

அதை வெளியிட்ட ஆய்விதழின் ஆசிரியருக்கு எழுதினேன். மாற்றுக் கருத்துகளை வரவேற்பதாகப் பதில் வந்தது. குழந்தையின் மூச்சை அடைப்பது எப்படிக் கருத்தாகும்? ஆத்திரத்தில் எல்லாவற்றையும் முகநூலில் போட்டேன்.

மறுவாரம், பூந்தமல்லியில் கல்லூரி வாசலில் வண்டியை எடுக்கும்போது ஒருவன் குறுக்கே வந்தான்.

"இன்னாம்மா, மாங்காட்டு சார் பொயப்புல மண்ண அள்ளிப் போட்டுகினு கீற?"

வாயைத் திறப்பதற்குள் ஹெல்மெட்டால் ஓங்கி அடித்தான். தடுத்த கை மணிக்கட்டில் முறிந்தது. அந்தச் சத்தம் எனக்கே கேட்டது. விழுந்த பிறகும் விலாவில் உதைத்தான்.

மருத்துவமனைக்கு முதலில் வந்தவர் கீழ்வீட்டு அப்பா. என் மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். "அவளும் இப்படித்தானே மேடம் வலிச்சுக் கத்தியிருப்பா?" என்று கேட்டு உடைந்து அழுதார். மையத்தில் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் அவரே போலீசில் வாக்குமூலமாகக் கொடுத்தார்.

அடித்தவன் பிடிபட்டான். உரிமையாளர் முன்ஜாமீன் வாங்கிக்கொண்டார். மையத்தைப் பூட்டினார்கள். பல மாதம் இழுத்தடித்த பிறகு கட்டுரையும் நீக்கப்பட்டது, எழுதியவரின் வேண்டுகோளின்படி என்ற குறிப்போடு.

குழந்தை இப்போது வேறோர் ஆசிரியையிடம் பழகுகிறாள். தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளர் படத்தை எடுத்து நீட்டுகிறாள். அப்பா பக்கத்தில் வந்தால் மட்டும் எழுந்து போய்விடுகிறாள். அவர் கூப்பிடுவதில்லை.