எல்லே அணிக்கு நான் போட்ட வாய்ப்பூட்டு

கத்துவதில் பெயரெடுத்த பன்னிரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு போய், "சத்தம் போடாமல் விளையாடுங்கள்" என்று சொன்ன மடையன் நான்தான். யாரும் என்னை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. முழுக்கச் சொந்தப் புத்தி. வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு, கழுத்தில் விசிலைத் தொங்கவிட்டுக்கொண்டு சொன்னேன். அதனால் என் கொழுந்தியாளின் வலது மணிக்கட்டு போயிற்று. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு பழக்கதோஷத்தில் எதையாவது வேடிக்கையாக எழுதி உங்களைச் சிரிக்க வைத்துவிடுவேன். சிரிக்கும்போதே இந்த ஆள் யாரென்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கட்டும்.

எங்கள் தேயிலைத் தோட்டம் றக்வானைப் பக்கம், பஸ் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்குகிற ஏற்றத்தில் இருக்கிறது. நான் பெக்டரியில் கொழுந்து உருட்டுகிற ரோலர் அறையில் வேலை செய்கிறவன். அந்த இரைச்சலில் எல்லாவற்றையும் உரக்கச் சொல்லிச் சொல்லி, வீட்டில் தண்ணீர் கேட்டாலும் ஊருக்கே அறிவிப்பது போலக் கேட்பேன். அப்படிப்பட்டவன் மற்றவர்களின் சத்தத்தைக் குறைக்கக் கிளம்பினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லே தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மூங்கில் தடியால் டென்னிஸ் பந்தை ஓங்கி அடித்துவிட்டு, மைதானத்தைச் சுற்றி நட்டிருக்கும் கம்புகளைத் தாண்டி ஒரு சுற்று ஓடி வர வேண்டும். அடித்த பந்தை எதிரணி அந்தரத்தில் பிடித்துவிட்டால் அவுட். ஓடுகிறவர் மேல் பந்தை எறிந்தாலும் அவுட். இதையேதான் அமெரிக்காக்காரன் தொப்பியும் கையுறையும் போட்டுக்கொண்டு பேஸ்போல் என்று ஆடுகிறான். எங்கள் பெண்களுக்குத் தொப்பி கிடையாது. கொழுந்துக் கூடை இறக்கிய தலையோடு, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஆடுவார்கள்.

எனக்குத் தடி பிடிக்கவும் தெரியாது, பந்து பிடிக்கவும் தெரியாது. ஆனால் கோயில் தேருக்கு முன்னால் கூட்டத்தை விலக்குவதற்காக வாங்கிய விசில் ஒன்று என்னிடம் இருந்தது. சிங்களமும் சரளமாக வரும். நோட்டீஸ் படிக்க, கீழே டவுனில் பேச ஆள் வேண்டுமே என்று என்னை மெனேஜர் ஆக்கினார்கள். ஆக்கிய மறுநாளே கொழுந்தியாள் கேட்டாள்.

"மச்சான், நீங்க மெனேஜரா, இல்ல விசில் மாட்டுற ஆணியா?"

"ஏ புள்ள, நான் இல்லாட்டி இந்த டீம் எங்க இருக்கும்?"

"மலையில இருக்கும் மச்சான். நீங்கதான் எங்க இருப்பீங்கன்னு தெரியல."

அவள் என் மனைவியின் தங்கை. நான் கல்யாணம் கட்டிய நாளிலிருந்து என்னைக் கேலி செய்வதை ஒரு உத்தியோகமாகவே வைத்திருந்தாள். ஒவ்வொரு கேலிக்கும் வாலில் ஒரு மச்சானைக் கட்டித்தான் விடுவாள். நானும் திருப்பிக் கொடுப்பேன், ஆனால் பத்துக்கு எட்டு அவள்தான் ஜெயிப்பாள். கொழுந்து எடுப்பதிலும் அப்படித்தான். அவள் நிரையை முடித்துவிட்டு மேலே நின்று தலைத்துண்டால் விசிறிக்கொண்டிருக்கும்போது மற்றவர்கள் பாதியில் இருப்பார்கள்.

எங்கள் அணியின் பலம் அவர்களுடைய கால் அல்ல, தொண்டை. தேயிலை மலையில் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. பள்ளத்துக்கு அந்தப்பக்கம் நிற்பவளுக்கு இந்தப்பக்கத்திலிருந்து செய்தி போக வேண்டும். அட்டை, குளவி, மழை, தேத்தண்ணி, கங்காணி, எல்லாம் குரலில்தான் போகும். வருஷக்கணக்காக அப்படிக் கூப்பிட்டுப் பழகியவர்கள் மைதானத்துக்கு வந்தால் எப்படி இருக்கும். பந்து மேலே கிளம்பியதும் நடுவில் நிற்கும் கொழுந்தியாளின் குரல் கிளம்பும். "ஏறு, ஏறு", "விடு, எனக்கு", "அக்கா, உனக்குத்தான், நில்லு". மற்றப் பதினொரு பேரும் அந்தக் குரலைக் கேட்டுத்தான் நகர்வார்கள். சிலர் பந்தை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். இரண்டு வருஷம் பக்கத்துத் தோட்டங்களோடு ஆடினோம். பந்துக்காக ஒருவர்மேல் ஒருவர் முட்டியதாக எனக்கு ஒரு நாளும் நினைவில்லை.

அப்போதுதான் கொடகவெல பக்கம் நடக்கும் புதுவருஷ விளையாட்டு விழாவுக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். முதல் தடவை. ஊர் முழுக்க வரும், மேடை, ஒலிபெருக்கி எல்லாம் இருக்கும். வந்த கடிதத்தை நான் மூன்று முறை படித்தேன். எனக்குக் கிறுக்கு பிடித்தது அந்த மூன்றாவது முறையில்தான்.

சிறு வயதில் அப்பாவோடு டவுனுக்குப் போகும்போது, பஸ் கடைவீதிக்குள் நுழைந்ததும் அவர் என் தொடையில் மெதுவாக ஒரு தட்டுத் தட்டுவார். வாயைக் குறை என்று அர்த்தம். தமிழ் காதில் பட்டாலே அடி விழுந்த காலத்தைப் பார்த்தவர் அவர். நான் அந்தக் காலத்தைப் பார்க்கவில்லை, தட்டை மட்டும் பத்திரமாக வைத்திருந்தேன். இது பாதிக் காரணம். மீதிப் பாதியைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. என் சிங்களத்தைக் கேட்டு, நீங்கள் தோட்டத்து ஆள் என்று நம்பவே முடியவில்லையே என்று டவுனில் யாராவது சொன்னால், அன்றைக்கு எனக்கு இரண்டு நேரம் பசிக்காது. அந்த விழாவில் அதை நூறு பேர் சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அந்த நேரத்தில் எங்கள் பெண்கள் மலைக்கு மலை கேட்கிற மாதிரித் தமிழில் கத்தினால் என் கதி என்ன?

ஆகவே பயிற்சிக்கு வந்தவர்களை நிறுத்தி வைத்து அறிவித்தேன். "டவுன் கிரவுண்ட்ல யாரும் தமிழ்ல கத்தக் கூடாது. பந்து ஒங்களுக்குன்னா 'மகே'ன்னு சொல்லுங்க. சிங்களத்துல என்னுதுன்னு அர்த்தம். அது போதும்."

"அர்த்தம் எங்களுக்குத் தெரியும் மச்சான்," என்றாள் கொழுந்தியாள். "நாங்களும் டவுன்லதான் மீன் வாங்குறோம். ஏன் கத்தக் கூடாதுன்னுதான் தெரியல."

"ஒரு மரியாதைக்கு."

"யாருக்கு மரியாதை? பந்துக்கா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் விசிலை எடுத்து ஊதினேன். மெனேஜர் ஆன பிறகு நான் உருப்படியாக விசில் ஊதியது அந்த ஒரு தடவைதான்.

இரண்டு நாள் "மகே, மகே" என்று பழகினார்கள். கோழிக்குஞ்சைக் கூப்பிடுவது போல இருந்தது. வீட்டில் மனைவி சோறு போட்டுக்கொண்டே, "அவளுங்க வாயக் கட்டுனா கையும் வராதுங்க," என்றாள். ரோலர் அறைச் செவிட்டுக் காதை அவள் பக்கம் திருப்பிக்கொண்டு சாப்பிட்டேன்.

விழா அன்று பதிவு மேசையில் அணியின் பெயரைத் தோட்டத்தின் தமிழ்ப் பெயரால் எழுதாமல், கீழே உள்ள கிராமத்தின் பெயரால் எழுதினேன். பெண்களின் பெயர்களையும் சிங்கள எழுத்தில், முடிந்தவரை சிங்களக் காதுக்கு உறுத்தாத மாதிரிச் சுருக்கி எழுதிக் கொடுத்தேன். ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்தவர் வயதான சிங்கள மாஸ்டர் ஒருவர். மெனேஜர் இரண்டு வார்த்தை பேசட்டும் என்று மைக்கை நீட்டினார். வானொலிக்காரன் தோற்றுப்போகிற சிங்களத்தில் வாழ்த்துச் சொன்னேன். நல்ல கைதட்டல். மாஸ்டர் மைக்கைத் திரும்ப வாங்காமல், "தமிழிலும் சொல்லுங்களேன், உங்கள் பிள்ளைகளுக்குச் சந்தோஷமாக இருக்குமே," என்றார்.

"தேவையில்லை மாத்தயா, எங்கள் ஆட்களுக்கு எல்லாம் விளங்கும்," என்று சொல்லிவிட்டு இறங்கினேன். இறங்கும்போது கொழுந்தியாள் என்னைப் பார்த்தாள். கேலி செய்வாள் என்று எதிர்பார்த்தேன். செய்யவில்லை.

முதலில் எங்கள் அணி அடித்து ஏழு சுற்று எடுத்தது. எதிரணி, பக்கத்துக் கிராமத்துப் பெண்கள், ஆறு வரை வந்துவிட்டார்கள். கடைசியாக அடிக்க வந்தவள் ஓங்கி அடித்தாள். பந்து நேராக வானத்துக்குப் போயிற்று. அதைப் பிடித்தால் எங்களுக்கு வெற்றி.

பந்து இறங்கியது கொழுந்தியாளுக்கும் அணியிலேயே மூத்த அக்காவுக்கும் நடுவில். அந்த அக்கா ஆறடிக்குப் பக்கத்தில் உயரம், நல்ல உடம்பு. இரண்டு பேரும் ஓடினார்கள். கொழுந்தியாளின் வாய் திறந்ததை நான் எல்லைக்கோட்டிலிருந்து பார்த்தேன். தொண்டை வரை வந்த "விடு, எனக்கு" என் விசிலை நினைத்து உள்ளே போயிற்று. சிங்களம் அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் பந்து வானத்தில் இருக்கும்போது யாருக்கு அகராதி புரட்ட நேரம் இருக்கிறது? ஒரு சத்தமும் இல்லாமல் அந்த இரண்டு பேரும் ஒருவரை நோக்கி ஒருவர் ஓடிய அந்த ஓட்டம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. நானாவது கத்தியிருக்கலாம். ரோலர் இரைச்சலைத் தாண்டுகிற குரல் எனக்கு. நானும் கத்தவில்லை.

முட்டி விழுந்தார்கள், பந்தும் மண்ணில் விழுந்தது. அக்கா எழுந்துவிட்டாள். கொழுந்தியாள் எழவில்லை. அவளுடைய வலது கை, அவளுக்குச் சம்பந்தமில்லாத ஒன்று போல வேறு பக்கம் திரும்பிக் கிடந்தது.

முதலில் ஓடி வந்தது எதிரணியின் தலைவி. ஐஸ்பழக்காரனிடம் ஒரு பை ஐஸ் வாங்கிக்கொண்டு வந்து, மண்ணில் உட்கார்ந்து, கையைத் தூக்கித் தன் மடியில் வைத்தாள். "வலிக்குதா அக்கா?" என்று தமிழில் கேட்டாள். நல்ல தமிழ். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்துச் சிங்களத்தில் கேட்டாள். ஏன் இவர்கள் கூப்பிட்டுக்கொள்ளவில்லை? மலையில் இவர்கள் கூப்பிடுவது எங்கள் வயல் வரைக்கும் கேட்குமே, அந்தச் சத்தத்துக்குப் பயந்துதானே நாங்கள் ஒரு மாதம் பழகினோம்?

சுற்றிலும் கூட்டம். மாஸ்டரும் வந்து நின்றார். நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம், நான்தான் வேண்டாமென்றேன் என்று. மூன்று வார்த்தை போதும். அதற்குப் பதில், என் அழகான சிங்களத்தில், ஒரு சின்னச் சிரிப்போடு சொன்னேன்.

"எங்கள் பெண்கள் பாவம், ஜனத்தைக் கண்டால் வெட்கப்பட்டு வாயடைத்துப் போவார்கள்."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். என் கொழுந்தியாளுக்குச் சிங்களம் தெரியும் என்று முன்பே எழுதியிருக்கிறேன். அந்த வலியிலும் அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். நான் விசிலைக் கழற்றிப் பையில் போட்டேன், ஏதோ அதுதான் அப்போது அவசர வேலை என்பது போல.

ஆறு கிழமை மாவுக்கட்டு. கட்டைப் பிரித்த பிறகும் மணிக்கட்டு முழுதாக மடங்கவில்லை. கொழுந்து எடுக்கிறவளுக்கு மணிக்கட்டு மடங்காவிட்டால் என்ன இருக்கிறது? இரண்டு நாள் கூடையைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போனாள். மூன்றாம் நாள் புள்ளக்காம்பராவுக்கு மாற்றிவிட்டார்கள். மலைக்குப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. அங்கே உரக்கப் பேசவே கூடாது, குழந்தைகள் எழுந்துவிடும். பள்ளத்தைத் தாண்டிக் குரல் அனுப்பியவளை அங்கே கொண்டுபோய் உட்கார வைத்தேன். தோட்ட நிர்வாகம்தான் மாற்றியது என்று வீட்டில் சொல்கிறேன். இங்கே எழுதும்போதாவது சரியாக எழுத வேண்டும்.

தோட்டத்தில் யாரும் என்னைத் திட்டவில்லை. ஆட்டம் என்றால் அடிபடும்தானே என்றார்கள். அந்த மூத்த அக்கா மட்டும், "நான் குருட்டுத்தனமா ஓடிட்டேன்," என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள். என் பழியையும் சேர்த்து அவள் சுமப்பதைப் பார்த்துக்கொண்டே, ஆமாம் அக்கா, பார்த்து ஓடியிருக்கலாம் என்று ஒரு நாள் நான் சொன்னேன். ஆமாம், அதையும் சொன்னேன்.

கொழுந்தியாள் வீட்டுக்கு வருவாள், என் மனைவியோடு பேசுவாள், போவாள். நான் எதையாவது சொல்லி வம்புக்கு இழுத்தால் சிரிக்கவும் மாட்டாள், முறைக்கவும் மாட்டாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த யாரோ ஒரு ஆளைப் போல நடத்துவாள்.

இந்த வருஷமும் விழாவுக்குக் கூப்பிட்டுக் கடிதம் வந்தது. பெண்கள் ஆடலாம் என்றார்கள். நான் ஒரு கொப்பித் தாளை எடுத்து, தோட்டத்தின் தமிழ்ப் பெயரை மேலே பெரிதாக எழுதி, கீழே எல்லாப் பெயர்களையும் தமிழில் முழுசாக எழுதினேன். முதல் பெயர் அவளுடையது, பக்கத்தில் கேப்டன் என்று போட்டேன். கை மடங்காவிட்டால் என்ன, நடுவில் நின்று கூப்பிட்டால் போதுமே.

எடுத்துக்கொண்டு புள்ளக்காம்பராவுக்குப் போனேன். இடது கையால் ஒரு தொட்டிலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வழி முழுக்க ஒரு வாக்கியம் பழகிக்கொண்டு போயிருந்தேன். அன்றைக்கு அந்தப் பெண்ணிடம் நான் சொன்னது பொய், தப்பு என்னுடையது. அவ்வளவுதான் வாக்கியம், மகேயைவிட ஒன்றும் பெரிய கஷ்டமில்லை. வாசலில் நின்றதும் என் வாயிலிருந்து வந்தது வேறு.

"ஏ புள்ள, இந்த வருஷம் நீதான் கேப்டன். கையே வேணாம், வாய் போதும். டவுன் கூரையெல்லாம் பறக்கிற மாதிரிக் கத்து, நான் காதப் பொத்திக்கிறேன். பாரு, எல்லாம் தமிழ்லயே எழுதியிருக்கேன்."

தாளை நீட்டினேன். வாங்கவில்லை. தொட்டிலை நிறுத்தாமல், குழந்தை எழுந்துவிடாதபடி மெதுவாக, என் கையில் இருந்தபடியே அதைப் படித்தாள்.

"என் பேர அழிச்சிருங்க."