கல்யாண ஜாக்கெட்டின் இரண்டு கைகள்

வண்ணார்பேட்டையில் ஒரு பைக் மெக்கானிக் கடைக்கு மேல்மாடியில் என் தையல் கடை. கடை என்றால் ஒரே ஒரு அறைதான். தரையெல்லாம் வெட்டுத்துணி, மேசையெல்லாம் நூல்கண்டு. எனக்கு அது ஒரு குறையாகவே தெரிந்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டாலும் கத்தரிக்கோல் வரும். ஆனால் புதிதாகப் படியேறி வருகிறவர்கள் வாசலிலேயே நின்று ஒரு பார்வை பார்ப்பார்கள். "பொறவு வாறேன்" என்பார்கள். எந்தப் பொறவு? வரவே மாட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். துணியைத் தைக்கிறது நானா, தரையா?

போன வருஷம் எங்கள் தெருப் பிள்ளை ஒருத்திக்கு நிக்காஹ். அவளுடைய பட்டு ஜாக்கெட்டை வெட்டி வைத்திருந்தேன். காலையில் அவள் உம்மா போன் பண்ணினாள். "மாப்ள வீட்டுக்காரவங்களும் கூட வாராவ. நிக்காஹ் முடிஞ்சு விருந்துக்குப் போட அவங்களுக்கும் தைக்கணுமாம். ஏளா, கடையைக் கொஞ்சம் ஒதுங்க வையி. என் மானத்தை வாங்கிராத!"

சுள்ளென்று கோபம் வந்தது. இருந்தாலும் செய்தேன். வாரி வாரிச் சாக்கில் அடைத்தேன். என் கடைக் கழிவுத்துணியெல்லாம் கீழே மெக்கானிக் அண்ணாச்சிக்குத்தான், கிரீஸ் துடைக்க. அவரும் வந்து சாக்கைத் தூக்கிப் போனார். மேசையைத் துடைத்து, ஜன்னலையும் திறந்து வைத்தேன்.

வந்தார்கள். மாப்பிள்ளையின் உம்மா நாற்காலியில் உட்கார்ந்து, மேசையில் விரலால் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தாள். "இந்த மாதிரி இடம்னா நம்பிக் குடுக்கலாம்" என்று வீட்டுப் பெண்கள் எல்லாருடைய துணியையும் என்னிடமே தந்துவிட்டாள்.

அவர்கள் போன பிறகு நான் அறையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். என் கடைதானா இது? பொய் சொல்லக் கூடாது, சந்தோஷமாக இருந்தது. டீ கூடக் குடிக்காமல் மெஷினில் உட்கார்ந்தேன். அப்படி ஆசையாய் வேலைக்கு உட்கார்ந்து வருஷக்கணக்கு ஆகியிருக்கும். முன்பக்கமும் பின்பக்கமும் மடமடவென்று முடிந்தன. கை வைக்கலாம் என்று திரும்பினால், வெட்டி வைத்த இரண்டு கையும் இல்லை.

யா அல்லாஹ்! மேசையில் இல்லை, அலமாரியில் இல்லை. சாக்கு!

அந்த ஜாக்கெட் துணி சேலையோடு சேர்த்து நெய்து வந்தது. ஜரிகைக் கரை முழுக்க அந்தக் கையில்தான் இருந்தது. ஊரெல்லாம் அலைந்தாலும் அதே கரை கிடைக்காது. நாளை மறுநாள் நிக்காஹ். அந்தப் பிள்ளை முகத்தில் எப்படி முழிப்பேன்? செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன்.

கீழே சாக்கு பாதி காலி. பக்கத்தில் கறுப்புக் கறுப்பாய்த் துணிக் குவியல். இரண்டு கையையும் உள்ளே விட்டுத் துழாவினேன்.

"என்னம்மா தேடுதிய?"

"பட்டு, அண்ணாச்சி! மெரூன் பட்டு!"

மனுஷனுக்கு வந்ததே கோபம்! "ஒங்ககிட்ட எத்தன மட்டம் சொல்லியிருக்கேன், பட்டையும் நைலானையும் இதுல போடாதியன்னு! அது எண்ணெயக் குடிக்கவா செய்யுது? வழுக்கிட்டுல்லா போவுது! அந்தா, அங்கன தூக்கிக் கடாசிட்டேன் பாருங்க."

மூலையில் ஒரு பழைய ஸ்கூட்டர் சீட்டின் மேல் கிடந்தன, என் இரண்டு கையும். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு பொட்டு எண்ணெய் இல்லை. அப்பாடா! அவர் இன்னும் திட்டிக்கொண்டுதான் இருந்தார். "திட்டுங்க அண்ணாச்சி, நல்லாத் திட்டுங்க" என்றேன். கிறுக்குப் பிடித்துவிட்டதோ என்று பார்த்தார்.

சாயங்காலம் கல்யாணப்பெண் போட்டுப் பார்க்க வந்தாள். கண்ணாடி முன்னால் இப்படித் திரும்பினாள், அப்படித் திரும்பினாள். இரண்டு கையையும் தூக்கிக் கரையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

"லாத்தா, எல்லாத்தையும் விட கைதான் ரொம்ப அழகா வந்திருக்கு."

என்னால் அடக்க முடியவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டேன்.

பதறிப்போய் அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எனக்குக் கல்யாணம்னா நீங்க ஏன் லாத்தா அழுவுதிய?"

"சந்தோஷம்ளா" என்றேன். அது பொய்யும் இல்லை.