கறையோடு ஒரு தேத்தண்ணிச் சட்டி

வீட்டுச் சாமான்களை நீர்வண்ணத்தில் வரைகிறவர்களே, நமக்கு முதல் எதிரி மழைக்காலம் இல்லை. சாமான் கொண்டுவருகிறவர் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற கம்பி நார்தான்.

பளபளப்பு

பாகான் டாலாமிலிருந்து ஃபெரி ஏறி ஜார்ஜ்டவுனில் என் ஓவியக் கடைக்கு வந்த மேரி அக்கா, பிடி வைத்த வெள்ளை எனாமல் சட்டி ஒன்றை மேசையில் வைத்தார். மெல்பர்னுக்கு நர்ஸ் வேலைக்குப் போகிற மகள் ஜெசிந்தா அதைப் படமாகக் கேட்டிருந்தாள். "நான் முதமுதல்ல போட்ட தேத்தண்ணி பொங்கிக் கருகின கறையோட வரைங்கக்கா" என்று கோலாலம்பூரிலிருந்து எனக்கே போன் செய்திருந்தாள்.

சட்டியோ கண்ணாடி மாதிரி மின்னியது. பல வருஷமாகப் போகாத கறையை, என்னிடம் கொண்டுவர வேண்டுமே என்று ஒரு நாள் முழுக்கத் தேய்த்து எடுத்திருக்கிறார் புண்ணியவதி. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. பார்க்காததை நான் வரைவதில்லை என்று கறாராகச் சொன்னேன். அக்காவின் முகம் சுருங்கிப்போனது.

"அடுத்தவங்க மேசையில அழுக்குச் சட்டிய வைக்கிறதா? என்னால முடியல லா."

வெள்ளை

மறு வாரம் அதே சட்டி புதுக் கறையோடு வந்தது. நுரை எழும்போதே அடுப்பை அணைத்துவிடுகிற மனுஷி, கையைக் கட்டிக்கொண்டு நின்று தேத்தண்ணியைப் பொங்கவிட்டுக் கருக்கியிருக்கிறார். அந்த மனசு எல்லாருக்கும் வராது. "மககிட்ட சொல்லிடாத தங்கச்சி" என்று கெஞ்சினார்.

வரையும்போது, படத்தில் சட்டியின் விளிம்பில் ஓரிடத்தைக் காட்டி, பெயிண்ட் பத்தவில்லையா என்று கேட்டார். நீர்வண்ணத்தில் வெள்ளை பூசுவதில்லை, காகிதத்தைத் தொடாமல் விட்டால் அதுதான் வெளிச்சம் என்றேன். அக்கா அந்த இடத்தையே குனிந்து பார்த்தார்.

"அந்தக் கறையயும் நான் இப்படித் தொடாம விட்டிருக்கணும்."

இடப்பக்கம்

ஞாயிற்றுக்கிழமை ஜெசிந்தாவுக்கு விமானம். அதற்கு முன்தினம் தாயும் மகளும் சேர்ந்தே வந்தார்கள். ஜெசிந்தா படத்தை வெகுநேரம் பார்த்தாள். அவள் கறை பிடிக்கு இடப்பக்கமாம், இது வலப்பக்கம். மேரி அக்கா தரையைப் பார்த்தார். இனி மறைக்க முடியாது என்று நடந்ததைச் சொல்லிவிட்டேன். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது, எனக்கும்தான்.

"என் கறை போனாப் போகுது. இது எங்கம்மா எனக்காகப் பொங்கவிட்டது லா."

அன்றிலிருந்து 'தயவுசெய்து தேய்க்காமல் கொண்டுவரவும்' என்று கடை வாசலில் எழுதிப் போட்டிருக்கிறேன், வருகிற சட்டியெல்லாம் இன்னும் மின்னிக்கொண்டேதான் வருகிறது.